1951 தையல் மெஷினும் வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டரும்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் ஆப்பில் ரூ.18,500 கொடுத்து வாங்கிய பழைய சிங்கர் 99கே கைமெஷின் பற்றிய புகார் இது. பில், படம், வீடியோ எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து அனுப்பச் சொல்லி, நானும் அனுப்பி அனுப்பி ஓய்ந்துவிட்டேன், அதனால் இந்த முறை எதையும் இணைக்கவில்லை. தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூரில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. நேரில் கொண்டுவந்தால் அன்றைக்கே சரிசெய்து தருவோம் என்று சொன்னது உங்கள் ஆள்தான், மெசேஜ் இருக்கிறது. இரும்பு மெஷின், மேலே மரப்பெட்டி வேறு, மாடியிலிருந்து இறக்கவே பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து வெயிலில் போய் இறங்கினால் அங்கே சுவரோரமாக வரிசையாக வாஷிங் மெஷின்கள். கவுன்டரில் இருந்த தம்பி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது தையல் மெஷினாச்சே" என்றான். உங்கள் புகார்ச் சீட்டை அவனே காட்டினான்: 'மெஷின், டிரம்மில் சத்தம்' என்று எழுதியிருந்தது. டிரம்! அடிநூல் சுற்றி வைக்கும் பாபின் சிக்குகிறது என்று நான் தொண்டை கிழியச் சொன்னதை யாரோ அப்படிப் பதிந்திருக்கிறார்கள். உங்கள் நிறுவனத்தில் எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொன்ன ஒரே ஆள் அந்தத் தம்பிதான், அவன் மேல் எந்தப் புகாரும் இல்லை. போக வர ஆட்டோ காசை மட்டும் நீங்கள் தர வேண்டும்.

சரி, மெஷினுக்கு என்ன என்று கேட்கிறீர்களா? 99கே மேலே தட்டை நகர்த்திவிட்டு பாபினை மேலிருந்தே உள்ளே போடும் வகை. அதற்கு 66 வகை பாபின் வேண்டும், பக்கங்கள் லேசாக வளைந்து புடைத்திருக்கும். நீங்கள் பெட்டியில் போட்டு அனுப்பியதோ நம் ஊர்க் கறுப்பு மெஷின்களுக்குப் போடும் 15 வகை, பக்கங்கள் தட்டையாக இருப்பது. வைத்தால் உட்கார்ந்த மாதிரிதான் தெரியும், நாலு தையல் ஓடியதும் அடியில் நூல் கொத்தாகச் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றித்தான் என்னுடைய பழைய சுங்குடித் துணியைப் பல்லுக்குள் இழுத்துக் கிழித்தது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய மதுரைச் சுங்குடி, இப்போது கடைகளில் தொங்கும் பிரிண்ட் போட்டது அல்ல. ஒரு பழைய துணிக் குவியலுக்குள் கிடந்ததைப் பார்த்து, பேரம் பேசக்கூடத் தோன்றாமல் வாங்கி வந்தேன். அதற்கு விலையே கிடையாது, ஒரு லட்சம் கொடுத்தாலும் அதே துணி திரும்பக் கிடைக்காது, அதையும் நஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் ஓர் அட்டை இருந்தது: 'எங்கள் பட்டறையில் பிரித்துச் சுத்தம் செய்து, தைத்துப் பார்க்கப்பட்டது.' எந்தப் பாபினை வைத்துத் தைத்துப் பார்த்தீர்கள்? வீடியோ காலில் வந்த உங்கள் மெக்கானிக், "இடது பக்கம் கை விட்டு பாபின் கேஸை வெளியே எடுங்க" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாடலில் அங்கே கை விட வழியே இல்லை! விற்கிற பொருள் என்னவென்று விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அப்புறம் அந்த சாயந்தர ஷிஃப்ட் ஆள். பெயர் கேட்டேன், சொல்லவில்லை, கால் பதிவு உங்களிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். "மேடம், உங்களுக்கு மொதல்ல தைக்கத் தெரியுமா?" நான் பாவாடை சட்டை தைக்க ஆரம்பித்தபோது அவர் பிறந்திருப்பாரா என்பதே சந்தேகம். "பழைய மெஷின்னா அப்படித்தான் இருக்கும், யூடியூப் பாத்துக் கத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல், "ரேட்டிங் அஞ்சு குடுத்துருங்க மேடம்." பழைய மெஷின் அப்படி இருக்காது ஐயா. எண்ணெய் விட்டு, சரியான பாபினும் ஊசியும் போட்டால் இந்தக் காலத்து பிளாஸ்டிக் மெஷின்களைவிட அழகாக, வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணியைக்கூடத் தைக்கும், அதற்காகத்தானே இவ்வளவு காசு கொடுத்து வாங்குகிறோம்.

இதைச் சொல்லும்போதுதான் பெரிய விஷயம் ஞாபகம் வருகிறது. விளம்பரத்தில் '1951 நூற்றாண்டு மாடல்' என்று போட்டிருந்தீர்கள். அந்த வருடத்து சிங்கரில் நீல விளிம்பு வைத்த பித்தளை வில்லையில் 'எ செஞ்சுரி ஆஃப் சூயிங் சர்வீஸ் 1851–1951', அதாவது நூறு வருடத் தையல் சேவை, என்று பொறித்திருக்கும். எனக்கு வந்த மெஷினிலும் வில்லை இருக்கிறது, பசை வைத்து ஒட்டியது, ஒரு மூலை இப்போதே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடியில் உள்ள எண் ஒய் என்ற ஒற்றை எழுத்தில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்து கிளைட்பேங்க் தொழிற்சாலையில் அந்த வரிசை 1930களின் நடுவிலேயே முடிந்துவிட்டது. இன்னும் பழசுதானே, லாபம்தானே என்று உங்கள் ஆள் சிரித்தார். லாபமா? ஒரு மெஷினின் தலையில் இன்னொன்றின் வில்லையை ஒட்டி, இல்லாத வருடத்தைச் சொல்லி விற்பதற்குப் பெயர் ஏமாற்று.

எனக்குச் சண்டை போட ஆசை இல்லை. வேண்டுவது இவ்வளவுதான்: வீட்டுக்கு ஆள் அனுப்பி மெஷினை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள், ஆட்டோ காசையும் சுங்குடிக்கு நியாயமான தொகையையும் சேர்த்து. கூப்பனாக வேண்டாம். வாலட்டிலும் வேண்டாம். நான் இனிமேல் எந்தச் சர்வீஸ் சென்டருக்கும் எதையும் தூக்கிக்கொண்டு வரமாட்டேன்.

"நாங்கள் வெறும் ஆப்தான், விற்றவரைக் கேளுங்கள்" என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள், அட்டையில் உங்கள் பட்டறை என்றுதான் இருக்கிறது. 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர் பெயரை உங்கள் தளத்தில் எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்றும் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஒட்டு வில்லையின் படம் அங்கே முதல் ஆவணமாக வரும்.

தயவுசெய்து இந்த முறையாவது புகாரை 'தையல் மெஷின்' என்று பதியுங்கள். பிக்கப்புக்கு வருகிறவர் காலை பதினொரு மணிக்கு மேல் வரட்டும், கூட இன்னோர் ஆளையும் அழைத்து வரட்டும், லிஃப்ட் கிடையாது.

இப்படிக்கு,
மயிலாப்பூர் வாடிக்கையாளர்