ஆறு மாதம் சூடேறாத இன்ஜின் பற்றி ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: தெர்மோஸ்டாட் (இன்ஜின் வெப்பத்தைச் சீராக வைக்கும் வால்வு) பழுதைக் கண்டுபிடிக்காமல், மைலேஜ் குறைந்ததற்கு என் ஓட்டும் முறையே காரணம் என்று மூன்று முறை எழுதித் திருப்பி அனுப்பியது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார் ஒன்றை ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டி வருகிறேன். ஹைப்ரிட் கிடையாது, டர்போ கிடையாது. டார்க் கன்வெர்ட்டர், அதாவது இன்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம், வைத்த சாதாரண ஆறு கியர் வண்டி. வாங்கிய நாள் முதல் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஒரு நோட்டில் கணக்கு எழுதுகிறேன். ஓடோமீட்டரை மகள் படித்துச் சொல்வாள், நான் எழுதுவேன். பம்ப் முதல் முறை தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் ஒரு சொட்டுகூடப் போட விடுவதில்லை. போன முறை நிரப்பியதிலிருந்து ஓடிய கிலோமீட்டரை இந்த முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் வந்துவிடும். இப்படி 118 முறை, சுமார் 70,000 கி.மீ. கணக்கு என்னிடம் இருக்கிறது. சராசரி லிட்டருக்கு 19.4. நீங்கள் அறிவித்திருப்பது 17.4.

அறிவித்ததைவிட இரண்டு கிலோமீட்டர் அதிகம் கிடைத்தது எப்படி என்று உங்கள் சர்வீஸ் சென்டரில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பழுதை முதல் நாளே கண்டுபிடித்திருக்கலாம். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டோமேட்டிக் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து வேகம் எடுக்க வைத்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் கீழ் கியர்களிலேயே அதிக நேரம் போய்விடுகிறது. அந்த நேரம் முழுவதும் டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்குவதெல்லாம் வெப்பமாக வீணாகிறது. நான் மிதமாக அழுத்தி வேகத்துக்கு வந்துவிடுவேன். வந்ததும் காலை ஒரு நூல் அளவு தளர்த்துவேன். உடனே மேல் கியர் விழும், அடுத்து லாக்-அப் கிளட்ச் பிடிக்கும், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டாக்கோமீட்டரின் முள் ஒரு படி இறங்கி அசையாமல் நிற்கும். மணிக்கு 70 கி.மீ.யில் என் வண்டியில் அது 1,500. ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினாலும் முள் அந்த இடத்தை விட்டு நகராது. இன்ஜினும் சக்கரமும் நேராகப் பிணைந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த முள்ளைப் பார்த்து ஓட்டித்தான் எனக்கு 19.4 வந்தது.

நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டுவதில்லை. 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிடுவேன். வண்டி டி-யில் (டிரைவ் நிலையில்) இருக்க, சக்கரம் இன்ஜினைச் சுழற்ற, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும், அந்த இருநூறு முந்நூறு மீட்டருக்குப் பெட்ரோலே செலவாகாது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை டயர் ஆறியிருக்கும்போது காற்று பார்க்கிறேன். சின்னச் சின்ன வேலைகளை ஒரே சுற்றில் முடிக்கிறேன், இன்ஜின் ஒரு முறை சூடானால் அந்தச் சூட்டிலேயே எல்லாம் நடக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதங்களுக்கு முன் மைலேஜ் இறங்கத் தொடங்கியது. முதலில் 18.3, அடுத்து 17.2, பிறகு 17.0-லேயே நின்றுவிட்டது. 561 கி.மீ.க்கு 33 லிட்டர். சாலை அதே சாலை, டயர் அதே டயர், ஓட்டுபவனும் நான்தான். மணிக்கு 70-ல் முள் 1,700-ல் நின்றது. நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது. கால் அசைந்தால் அதுவும் அசைந்தது. லாக்-அப் பிடிக்கவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

முதல் முறை வண்டியை விட்டபோது இதையெல்லாம் சர்வீஸ் அட்வைசரிடம் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். அவர் நோட்டைத் திறக்காமலே ட்ரிப் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். "18.6 காட்டுதே சார், நாங்க சொன்னதவிட அதிகமாத்தான் இருக்கு" என்றார். உங்கள் ட்ரிப் மீட்டர் பெட்ரோலை அளப்பதில்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. என் வண்டியில் அது முதல் நாளிலிருந்தே ஏழு முதல் ஒன்பது சதவீதம் கூட்டித்தான் காட்டுகிறது. பழுதுக்கு முன் அதே திரை 21 காட்டியது. கூட்டிக் காட்டும் திரையிலேயே 21 என்பது 18.6 ஆகிவிட்டது என்றால் ஏதோ கெட்டுவிட்டது என்றுதானே பொருள்? அவருக்கு அது புரியவில்லை. த்ராட்டில் பாடி க்ளீனிங், இன்ஜெக்டர் க்ளீனிங் செய்து பில் போட்டார்கள். ஜாப் கார்டில் எழுதிய வரி இது: "வாடிக்கையாளரின் ஓட்டும் முறை காரணம். விளக்கப்பட்டது."

இரண்டாவது முறை வீல் அலைன்மென்ட், ஏர் ஃபில்டர். கீழே அதே வரி. மூன்றாவது முறை ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கோடு எதுவும் வரலையே சார்" என்றார்கள். பிழைக் குறியீடு இல்லாததால் நீட்டித்த வாரன்டியில் எதையும் மாற்ற முடியாது என்றும் சொன்னார்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள்: அதிக மைலேஜ் பெற எட்டு வழிகள். அதில் ஆறாவது வழி, இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு உருளவிடுங்கள் என்பது.

இந்தத் தாளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் கேட்கும். டி-யில் கால் எடுத்து இறங்கினால் கேட்காது. இதற்கு மேல், இன்ஜின் பிரேக்கிங் போய்விடுகிறது. நீண்ட இறக்கத்தில் முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து, பிரேக் சூடேறிப் பிடிப்பு தளர்ந்தால் குடும்பத்தோடு போகிறவர் என்ன செய்வார்? உங்கள் கையேடே நியூட்ரலில் உருளவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறது. கையேட்டுக்கு எதிரான அறிவுரையை உங்கள் முத்திரையோடு அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். என் புகாரில் வேறு எதை ஒதுக்கினாலும், அந்தத் தாளை எல்லா சர்வீஸ் சென்டர்களிலிருந்தும் உடனே எடுத்துவிடுங்கள்.

இனி பழுதுக்கு வருகிறேன். உங்கள் டேஷ்போர்டில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பமானி இல்லை. இன்ஜின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு எரியும், அதிகம் சூடானால் சிவப்பு. நடுவில் என்ன நடக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரிய வழியே இல்லை. வண்டியின் கணினியில் ஓடும் எண்களைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. ரீடர் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டி, ஃபோனில் பார்த்தேன். நீல விளக்கு 54 டிகிரி செல்சியஸிலேயே அணைந்துவிட்டது. நெரிசலில் ஊர்ந்தபோது வெப்பம் 79 வரை ஏறியது. நெடுஞ்சாலைக்கு வந்து 80-ல் ஓட்டத் தொடங்கியதும் இறங்கியது. 74, 70, கடைசியில் 66. நாற்பது நிமிடம் ஓட்டியும் 66-தான். நல்ல நிலையில் 90-ஐ ஒட்டி நிற்க வேண்டிய இன்ஜின் அது.

காரணம் எளிது. தெர்மோஸ்டாட் என்பது மெழுகு வைத்த ஒரு சின்ன வால்வு. இன்ஜின் சூடாகும்வரை அது மூடியிருந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்க வேண்டும். சூடானபின் மெழுகு உருகி விரிந்து அதைத் திறக்கும். என் வண்டியில் அது திறந்த நிலையிலேயே சிக்கிவிட்டது. ரேடியேட்டருக்கு எப்போதும் வழி திறந்திருந்ததால், எதிர்க்காற்று அடிக்க அடிக்க இன்ஜின் ஆறிப்போனது. இன்னும் சூடேறிக்கொண்டிருக்கும் இன்ஜின் என்றே கன்ட்ரோல் யூனிட் (வண்டியின் கணினி) நம்பியது. பெட்ரோலைச் சற்றுக் கூட்டிக் கொடுத்தது, லாக்-அப்பைப் பிடிக்க விடவில்லை, கால் எடுத்தாலும் இன்ஜெக்டர்களை மூடத் தயங்கியது. போதாததற்கு, சூடேறாத ஆயிலின் இழுவை வேறு. நான் ஐந்து ஆண்டுகள் பழகிய பழக்கம் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. எல்லாமே சூடான இன்ஜினை நம்பியவை.

கோடு வராததற்கும் காரணம் உண்டு. இந்தப் பழுதுக்கென்றே பி0128 என்ற பொதுவான குறியீடு இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் குறித்த வெப்பத்தைத் தொடாவிட்டால்தான் அது பதிவாகும். என் வண்டியோ வீட்டிலிருந்து கிளம்பி நெரிசலில் 79-ஐத் தொட்டுவிட்டுத்தான் நெடுஞ்சாலை ஏறுகிறது. உங்கள் டெக்னீஷியன் கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். அதே ஸ்கேனரில் அடுத்த பக்கத்தில் கூலன்ட் வெப்பம் ஓடிக்கொண்டிருந்திருக்கும். பத்து நிமிடம் வண்டியை ஓட்டி அந்த ஒரு எண்ணைப் பார்த்திருந்தால் போதும்.

வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ஒரு மணி நேர வேலை. அன்று மாலையே நெடுஞ்சாலையில் வெப்பம் 89-ல் நின்றது. 70-ல் முள் 1,500-க்கு இறங்கி அசையாமல் நின்றபோது மகள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள். மூன்றாவது நிரப்பலில் 598 கி.மீ.க்கு 31.1 லிட்டர், அதாவது 19.2.

இடைப்பட்ட ஆறு மாதங்களில் சுமார் 7,000 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். 19.4-க்கும் 17.0-க்கும் உள்ள வித்தியாசம் ஐம்பது லிட்டர் பெட்ரோல். நூறு கிலோவுக்கு மேல் கார்பன்-டை-ஆக்சைடு வீணாகக் காற்றில் கலந்தது. மைலேஜுக்காக நான் எடுக்கும் சிரமத்தில் பாதி இதற்காகத்தான். அதனால் பணத்தைவிட இது எனக்கு அதிகம் வலிக்கிறது.

நான் கேட்பது இவை. வாரன்டி காலத்திலேயே தெர்மோஸ்டாட் கெட்டதால் அதன் விலையையும் கூலியையும் திருப்பித் தர வேண்டும். தேவையே இல்லாமல் செய்த இரண்டு க்ளீனிங்கின் பில் தொகையும் வர வேண்டும். அலைன்மென்ட், ஏர் ஃபில்டர் எப்படியும் செய்யவேண்டியவை, அவற்றைக் கேட்கவில்லை. இன்ஜின் ஆறு மாதம் குளிராகவே ஓடியதால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கும். ஆயிலும் ஃபில்டரும் இலவசமாக மாற்றித் தர வேண்டும். அடுத்த மென்பொருள் அப்டேட்டில் கூலன்ட் வெப்பத்தைத் திரையில் காட்டுங்கள், எண் ஏற்கெனவே வண்டிக்குள் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று ஜாப் கார்டுகளிலும் "ஓட்டும் முறை காரணம்" என்று எழுதியதை நீக்கி, தெர்மோஸ்டாட் பழுது என்று திருத்திய பதிவின் நகலை எனக்கு அனுப்ப வேண்டும். நாளை இந்த வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் அந்தப் பதிவைத்தான் படிப்பார்.

30 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். நோட்டின் நகல், ஜாப் கார்டுகள், ரசீதுகள், வெப்பநிலைப் பதிவு, அந்த எட்டு வழிகள் தாள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கழற்றிய தெர்மோஸ்டாட் என்னிடமே பத்திரமாக இருக்கிறது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் வால்வு திறந்தே நிற்பது தெரியும். உங்கள் பொறியாளர் எந்த நாளில் வந்தாலும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்