மீதி இதயம் அடுத்த ஞாயிறு

திருக்கோவிலூர்,
19-1-2025

அன்புள்ள செல்விக்கு,

போனைப் பட்டென்று வைத்துவிட்டாய். அறுபத்தாறு வயதில் ஆற்றில் இறங்கிப் பாறை ஏற வேண்டுமா என்று அம்மாவும் உன் கட்சிதான். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

போன மாதம் ஃபெஞ்சல் புயலில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்களே, அந்த வெள்ளம் அடித்துவந்த குப்பையெல்லாம் நம் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் பாறை, கபிலர் குன்றைச் சுற்றித்தான் கிடந்தது. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்பினோம். சீமைக்கருவேல வேரில் ஒரு புடவை முறுக்கிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க வருகிறது. ஜரிகை கூட மங்கவில்லை. யார் வீட்டுப் பெட்டியில் இருந்ததோ, குப்பையில் போட மனம் வராமல் மடித்து வைத்தோம்.

அப்புறம் பெயின்ட் சண்டை. பாறையெல்லாம் அம்பு விட்ட இதயங்கள். ஒரு பையன் ஆசிட் கேனோடு வந்துவிட்டான். இன்னொருவர் உச்சியிலுள்ள செங்கல் கோயிலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கொண்டுவந்தார். கூட வந்த தமிழ் வாத்தியார் இரண்டையும் கரைக்கே திருப்பி அனுப்பினார். தேங்காய் நார், தண்ணீர், அதற்குமேல் எதுவும் கூடாதாம். அரைநாள் தேய்த்தேன், ஒரு இதயத்தில் கால்வாசிதான் போனது.

சின்ன வயதில் அது எங்களுக்குக் குதித்துக் குளிக்கிற பாறை. கதையை வாத்தியார்தான் முழுசாகச் சொன்னார். பாரி இறந்தபின் அவன் பெண்களைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை தேடிப் புலவர் கபிலர் அலைந்திருக்கிறார். சிற்றரசன் விச்சிக்கோனும் மறுத்தான், இருங்கோவேளும் மறுத்தான். பெண்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு, வடக்கே பார்த்து உட்கார்ந்து, உண்ணாமல் உயிரை விட்டார் என்பது புறநானூற்றுக் குறிப்பு. நம் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டோ, பாரி மகளை இந்தப் பக்கத்துச் சிற்றரசன் மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது. இந்தப் பாறையைக் 'கபிலக்கல்' என்றும் சொல்கிறது. பட்டினியா, தீயா? குன்றின் மேல் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வாதாடினோம்.

எனக்குக் கல்வெட்டுதான் பிடித்திருக்கிறது. மலையன் நம் ஊர்க்காரன். பெண்ணுக்கு ஒரு வீடு அமைந்ததைப் பார்த்துவிட்டுத்தானே அந்த மனுஷர் போனார். விழுப்புரத்தில் உன்னை நாக்பூருக்கு ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய ராத்திரி, பஸ் பாலத்தைக் கடக்கும்போது குன்றுப் பக்கம் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, ஒரே இருட்டு. அதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

பயப்படாதே, நான் வடக்கிருக்கப் போவதில்லை. ஒருவேளைச் சாப்பாடு தள்ளிப்போனாலே எனக்குத் தலை சுற்றும்.

அடுத்த ஞாயிறு மீதி இதயம். கையுறை வாங்க வேண்டும். சித்திரையில் நீ வரும்போது அனேகமாக ஆற்றில் தண்ணீர் இருக்காது, மணலிலேயே நடந்து போய்விடலாம். பேரனுக்கு நல்ல செருப்பாக வாங்கி வை, பாறை சுடும்.

அப்பா