பேய்ப்படம் பார்க்கிற அம்மா எழுதுவது

அன்புள்ள பிள்ளை,

போன ஞாயிறு ஃபோனில் ஏசினாய், சாமி விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு இந்த வயதில் பேய்ப்படம் பார்க்கிறேன் என்று. எனக்கு இரண்டும் ஒரே காரியம்தான். வாயால் விளக்கிச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜப்பானில் மசாக்கி கோபயாஷி 1964இல் எடுத்த 'குவைடான்' படத்தில் மூன்றாவது கதை ஹோயிச்சியுடையது. கண் தெரியாத பெடியன். கோயிலில் தங்கி, பீவா என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டிப் பழைய போர்க் கதையைப் பாடுவான். 1185இல் தான்-நோ-உரா கடற்போரில் ஹெய்கே குலம் அழிந்தது. குழந்தை அரசனும் கடலில் மூழ்கிப் போனான். இது வரலாறு. படத்தில், செத்துப்போன அந்தச் சனம் இரவானால் ஆள் அனுப்பி ஹோயிச்சியைக் கூப்பிடுகிறது. அவனிடம் கேட்பது ஒன்றுதான்: நாங்கள் அழிந்த கதையைப் பாடு.

அவனைக் காப்பாற்றப் பிக்குமார் அவன் உடம்பு முழுக்க மையால் சூத்திரம் எழுதுகிறார்கள். முகம், மார்பு, முதுகு, கை, கால் எல்லாம் எழுத்து. காதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அன்றிரவு வந்த வீரனின் கண்ணுக்கு இரண்டு காதுகள் மட்டுமே தெரிகின்றன. அவற்றைப் பிய்த்துக்கொண்டு போகிறான். எனக்கு உடனே சஷ்டி கவசம்தான் நினைவுக்கு வந்தது. கண், செவி, நாசி என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி முருகனின் வேலாயுதத்தைக் காவல் வைக்கிறோமே. ஒரு வரியும் விடக்கூடாது என்று அம்மம்மா ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

எல்லாப் பேய்ப்படமும் இப்படி இல்லை. சத்தத்தால் திடுக்கிட வைக்கிறதைப் பாதியில் நிறுத்திவிடுவேன். ஆனால் 1998இல் வந்த 'ரிங்கு' வேறு. கிணற்றில் கிடக்கும் சடாக்கோ என்ற பேய்ப் பெண்ணின் எலும்பை எடுத்துவிட்டால் சாபம் தீரும் என்று நம்புகிறார்கள். தீரவில்லை. பலருக்கு அது கதையின் திருப்பம். எனக்கு அது நம்முடைய நாட்டுக் கதை. எடுத்தாயிற்று, முடிந்தது என்று உயிரோடு இருப்பவர்கள்தான் சொல்லிக்கொள்கிறார்கள். இங்கே இலங்கையின் தெற்கில் சன்னி யக்கும என்ற சிங்களப் பேயோட்டும் சடங்கை ஆடும்போது பதினெட்டு நோய்ப் பேய்களையும் முகமூடியில் வரவழைத்து, கதைத்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும்.

சின்ன மாமா போனவர் வரவில்லை. மரணச் சான்றிதழை எடுங்கள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அம்மம்மா கடைசிவரை கையெழுத்து வைக்கவில்லை. எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று செத்தவர்களுக்குச் செய்கிற கிரியை ஒன்றும் இல்லை. ஆடி அமாவாசைக்கு முகத்துவாரக் கடலில் அப்பா எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது மாமாவின் பேரில் வந்து நின்றுவிடுவார். சொன்னால் அவர் செத்துவிட்டார் என்று நாங்களே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். விட்டால் அவரைப் பட்டினி போட்டதாகிவிடும். அந்தப் படங்களில் வருகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆட்கள், பிள்ளை. எனக்கு அவர்களைப் பார்த்துப் பயம் வருவதில்லை. என்ன வேண்டும் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

நீ வரும்போது 'குவைடான்' சேர்ந்து பார்ப்போம். அதற்கு முதல், இந்த ஆடி அமாவாசைக்கு மாமாவின் பேரைச் சொல்லலாமா என்று யோசித்துச் சொல். அம்மம்மா இல்லாத வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இதைத் தீர்மானிக்கக் கூடாது.

அன்புடன்,
அம்மா
வெள்ளவத்தை