லிவர்பூல் ரசிகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஆகஸ்ட் முதல் 2025 ஜூலை வரை, இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து கிளப்புக்கான நம் ரசிகர் மன்றத்தில் நடந்தவற்றை இந்த அறிக்கையில் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதலில் இரங்கல். 2024 செப்டம்பரில் ரான் யேட்ஸ் காலமானார். 1965இல் லிவர்பூல் முதன்முதலாக எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது அதைத் தூக்கிய கேப்டன் அவர். அவரை வாங்கி வந்த அன்றைய மேலாளர் பில் ஷாங்க்லி, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, இந்த ஆளை ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள் என்றாராம். அவ்வளவு பெரிய உருவம். 2025 ஜூலை 3 அன்று டியோகோ ஜோட்டா தன் தம்பியுடன் ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்தார். வயது 28. அவர் அணிந்த 20ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று கிளப் அறிவித்துவிட்டது. இருவருக்கும் மன்றம் அஞ்சலி செலுத்துகிறது.

அடுத்து மகிழ்ச்சி. ஏப்ரல் 27 அன்று நம் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் டாட்டன்ஹாமை 5–1 என்று வென்று, இன்னும் நான்கு ஆட்டங்கள் கையில் இருக்கும்போதே 20ஆவது லீக் பட்டத்தை எடுத்தோம். அன்று நடந்த கொண்டாட்டத்தைப் பற்றி இந்த அறிக்கையில் எழுத வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டுள்ளது. சரி.

மற்ற வேலைகள் வழக்கம்போல நடந்தன: ஆட்டங்களைச் சேர்ந்து பார்ப்பது, புதிய உறுப்பினர் சேர்க்கை, சந்தா வசூல். மூன்றாவதைப் பற்றிப் பொருளாளர் நீளமாகப் பேசுவார்.

ஆண்டு முழுவதும் மன்றத்தை ஆட்டிப்படைத்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். யேட்ஸுக்கான அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர், கிளப்பின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த பதினொருவர் அணியில் இவர் வருவாரா என்று கேட்டார். அந்தக் கேள்வி அன்றோடு போயிருக்கும், அதை நிகழ்ச்சிக் குறிப்பில் நான் ஏற்றாமல் இருந்திருந்தால். ஒவ்வொரு இடமாக எடுத்து, விவாதித்து, வாக்கெடுப்பது என்று முடிவானது.

விதி ஒன்று போட்டோம். ஒருவரை முன்மொழிகிறவர் அவருடைய முழு ஆட்டம் ஒன்றையாவது நேரிலோ, தொலைக்காட்சியிலோ, பதிவிலோ பார்த்திருக்க வேண்டும். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய துண்டுப் படம் செல்லாது. அதைப் பார்த்தால் எல்லோருமே மேதைகள்தான். நல்ல விதி என்று அன்று கைதட்டியவர்களில் நானும் உண்டு. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கோல்கீப்பர் இடத்துக்கு ரே கிளெமென்ஸா அலிசனா என்பதில் வயது வாரியாக மன்றம் இரண்டாகப் பிரிந்தது. 1978–79 லீக்கில் கிளெமென்ஸ் நின்ற 42 ஆட்டங்களில் அணி வாங்கியது 16 கோல். அதில் ஆன்ஃபீல்டில் வாங்கியது நான்கே நான்கு. முன்னால் தடுப்பாட்டத்துக்கு ஹேன்சனும் தாம்சனும் நின்றால் நான்கூட அப்படித்தான் நிற்பேன் என்று இளையவர்கள் கிண்டல் செய்தார்கள். 2021 மே மாதம் வெஸ்ட் புரோம்விச்சுக்கு எதிராக 95ஆவது நிமிடத்தில் அலிசன் முன்னே ஓடிவந்து தலையால் முட்டிய கோலைக் காட்டினார்கள். அந்தக் கோல் எனக்கும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அது கோல்கீப்பரின் வேலைக்கான சான்று அல்ல. சான்று வேண்டுமானால் ரோமில் நடந்த 1977 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தைப் பாருங்கள். 1–1 என்று இருக்கும்போது எதிரணியின் ஸ்டீலிக்கே தனியாக உள்ளே வருகிறார். அதுவரை பெரிதாக வேலை இல்லாமல் நின்ற கிளெமென்ஸ் ஒரு நொடிகூடத் தயங்காமல் வெளியே பாய்ந்து அந்தப் பந்தை மறிக்கிறார். அது உள்ளே போயிருந்தால் கிளப்பின் முதல் ஐரோப்பியக் கோப்பையே கைநழுவியிருக்கும். நெடுநேரம் சும்மா நின்றுவிட்டு, வரும் ஒரே பந்துக்கு விழித்திருப்பதுதான் பெரிய அணியின் கோல்கீப்பருக்கு வேலை. கிளெமென்ஸ் தேர்வானார்.

ரைட் பேக், அதாவது வலதுபுறத் தடுப்பாட்டக்காரர் இடத்தில் மன்றத்துக்குக் கொஞ்சம் தலைக்குனிவு. ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் வென்றார். லெஸ்டருக்கு எதிராக அவர் வெற்றி கோல் அடித்த சூடு ஆறாத நேரம் அது. மே 5 அன்று, கிளப்பை விட்டுப் போகிறேன் என்று அவர் அறிவித்தார். மறுநாளே மறுவாக்கெடுப்பு கேட்டு மனு. மே 11 அன்று நடந்த ஆர்செனல் ஆட்டத்துக்குப் பிறகு குரல் இன்னும் கூடியது: ஆன்ஃபீல்டிலேயே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள், நாம் மட்டும் மாலை போடுவதா என்றார்கள். செயற்குழு இறங்கிவந்தது, மறுவாக்கெடுப்பில் ஃபில் நீல் வென்றார்.

என் கருத்தைப் பதிவு செய்கிறேன். நீல்தான் சரியான ஆள். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்த காரணம் தவறு. 1976 முதல் 1983 வரை ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 417 ஆட்டங்கள் ஆடியவர் அவர். நான்கு ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டங்களில் ஆடி வென்றவர். அவற்றில் ரோமில் நடந்த இரண்டிலும் கோல் அடித்தவர். ஏப்ரலிலேயே இதைச் சொல்லி அவரைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். பார்சிலோனாவை 4–0 என்று சாய்த்த இரவில், எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் ட்ரென்ட் எடுத்து, கோலில் முடிந்த அந்தக் கார்னர், அவர் எந்த ஊருக்குப் போனாலும் நம்முடையதுதான். கோபத்தில் பழைய ஆட்டத்தை அழிக்கப் பார்ப்பது ரசிகனுக்கு அழகல்ல.

நடுத் தடுப்பாட்டக்காரர்களான சென்டர் பேக் இருவர்: ஆலன் ஹேன்சன், வெர்ஜில் வான் டைக். விவாதமே இல்லை. யேட்ஸை முன்மொழிந்தவரே கடைசியில் வான் டைக்குக்குக் கை தூக்கினார்.

இடதுபுறத் தடுப்பாட்டக்காரரான லெஃப்ட் பேக் இடத்தில்தான் எனக்குப் பிடித்த விவாதம் நடந்தது. ஆலன் கென்னடிக்கு வாதம் சுலபம்: 1981 இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக ஒரே கோல், 1984இல் ரோமாவுக்கு எதிராகக் கடைசி பெனால்டி. ஆண்டி ராபர்ட்சனுக்காகப் பேசியவர் கோல் எதையும் காட்டவில்லை. 2018 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியுடன் 4–3 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு சில நொடிகளை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினார். பந்து சிட்டி ஆட்டக்காரர்களிடம் கைமாறிக்கொண்டே போகிறது; ராபர்ட்சன் ஒவ்வொருவர் மேலாகப் பாய்ந்து பாய்ந்து, தன் இடத்தை விட்டு எங்கோ வந்து, கோல்கீப்பர் எடர்சன் வரை துரத்துகிறார். பந்து கிடைக்கவில்லை, கடைசியில் ஃபவுல்தான். ஆனால் அரங்கம் முழுவதும் எழுந்து கத்துகிறது. ஹல் சிட்டியிடமிருந்து 80 லட்சம் பவுண்டுக்கு வந்தவர். அவரே தேர்வானார்.

இதே இடத்துக்கு ஜெர்ரி பைர்ன் பெயரும் வந்தது. 1965 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று அனுமதி இல்லை. எதிரணி லீட்ஸுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு, கூடுதல் நேரம் சேர்த்து 120 நிமிடமும் ஆடினார். ரோஜர் ஹன்ட் அடித்த முதல் கோலுக்குப் பந்து கொடுத்ததும் அவர்தான். வாக்கு விழவில்லை, ஆனால் இதைக் கேட்ட பிறகு, நம் காலத்து ஆட்டக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு உருளும்போது மன்றத்தில் யாரும் பரிதாபப்படுவதில்லை.

நடுக்களத்தில் கிரேம் சூனஸ், ஸ்டீவன் ஜெரார்ட். லீக் பட்டமே வாங்காத ஜெரார்டுக்கு எப்படி இடம் என்று ஒருவர் கேட்டார். 2005 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில், இஸ்தான்புல்லில் 0–3 என்று பின்தங்கியபோது முதல் கோலை அடித்துவிட்டு, எழுந்திருங்கள் என்று இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு திரும்பி ஓடினாரே, அதைப் பார்த்துமா கேட்கிறீர்கள் என்று தலைவரே பதில் சொல்லிவிட்டார். தலைவர் விவாதத்தில் தலையிடக் கூடாது என்பதும் விதிதான். குறிப்பில் ஏற்றியிருக்கிறேன்.

வலதுபுறம் முகமது சலா. 857 ஆட்டங்கள் ஆடி சாதனை வைத்திருக்கும் இயன் கலகன் வெளியே உட்காருகிறார். சலா பின்னால் ஓடிவந்து தடுக்கமாட்டார் என்ற கவலைக்கு, அதை நீல் பார்த்துக்கொள்வார் என்று பதில் வந்தது. பாவம் நீல். முன்னால் கென்னி டால்க்ளிஷும் இயன் ரஷ்ஷும். ரஷ் அடித்தது 346 கோல். பேச என்ன இருக்கிறது? 1961–62 ஒரே சீசனில் லீக்கில் மட்டும் 41 கோல் அடித்த ரோஜர் ஹன்ட் மாற்று ஆட்டக்காரர்.

மீதி இருப்பது இடதுபுறம். அங்கே ஜான் பார்ன்ஸ் போட்டியின்றித் தேர்வானார். ‘போட்டியின்றி’ என்று எழுதும்போதே எனக்கு உறுத்தியது. பில்லி லிடலை முன்மொழிய விதிப்படி யாருக்கும் தகுதி இல்லை. அவருடைய முழு ஆட்டம் எதுவும் எங்கள் கைக்குக் கிட்டவில்லை. கிடைத்தவை சில நிமிடத் துணுக்குகள்தான். 1938இல் கிளப்பில் சேர்ந்தவர். உலகப் போர் குறுக்கே வந்ததால் விமானப் படையில் நேவிகேட்டராகப் போய்விட்டு, 1946இல்தான் முதல் ஆட்டம் ஆடினார். 534 ஆட்டங்கள், 228 கோல். 1954இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோதும் விட்டுப் போகாமல் 1961 வரை அங்கேயே ஆடினார். கூடவே கணக்காளர் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் கிளப்பை ‘லிடல்பூல்’ என்றே சொன்னார்கள். கிளப் உயரத்தில் இருந்தபோது ஆடியவர்களுக்குப் பதிவு இருக்கிறது, கோப்பை இருக்கிறது. அது கீழே கிடந்தபோது தோளில் சுமந்தவருக்கு நம் விதி ஒரு முன்மொழிபவரைக்கூட விட்டுவைக்கவில்லை. பார்ன்ஸ் தோற்றிருப்பார் என்று நான் சொல்லவில்லை. இருவரையும் வைத்துப் பேசியிருக்க வேண்டும்.

மேலாளர் வாக்கெடுப்பு சமனில் முடிந்தது. ஒன்பது சீசனில் ஆறு லீக் பட்டமும் மூன்று ஐரோப்பியக் கோப்பையும் வாங்கிய பாப் பெய்ஸ்லியா, இரண்டாம் டிவிஷனில் கிடந்த கிளப்பை எடுத்து நிறுத்திய ஷாங்க்லியா என்பதை இன்றைய பொதுக்குழுவே தீர்க்கட்டும்.

அதோடு ஒரு தீர்மானத்தையும் முன்மொழிகிறேன். ஷாங்க்லி பொறுப்பேற்ற 1959க்கு முன்பே கிளப்பில் ஆடத் தொடங்கியவர்களுக்கு முழு ஆட்டம் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு அளித்து, அவர்களைப் பற்றிப் படித்து வந்து வாதிட அனுமதிக்க வேண்டும். இடதுபுற இடத்துக்கு மறுபடி வாக்கெடுக்க வேண்டும். வழிமொழிய விரும்புகிறவர்கள் கணக்கு வாசிப்பு முடிந்ததும் கை தூக்கலாம். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்று பொருளாளர் நினைவூட்டச் சொன்னார்.

இப்படிக்கு,
செயலாளர்