மே மாதத்தில் காணொளி ஏற்றுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் யூடியூப் அலைவரிசைகளையும் முகநூல் பக்கங்களையும் நடத்தும் தம்பி, தங்கையருக்கு,

மே பிறந்தால் உங்களுக்கு வேலை கூடிவிடும் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். 2009 மே மாதம் ஈழப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலை மறக்கவிடக் கூடாது என்ற உங்கள் எண்ணத்தோடு எனக்கு வழக்கில்லை. கண்ணும் கையும் கட்டப்பட்டவர்கள் நிர்வாணமாகச் சுடப்படும் காட்சிக்குச் சோக இசை சேர்த்து, மூலையில் உங்கள் சின்னத்தைப் பொறித்து, "மனத்திடம் இல்லாதவர்கள் பார்க்க வேண்டாம்" என்று ஆசையைக் கிளப்பி ஏற்றுகிறீர்களே, வழக்கு அதோடுதான். நடுவில் பற்பசை விளம்பரம் வேறு.

அது செய்தியாளர் எடுத்த படமல்ல. சுட்டவர்களின் பக்கத்தில் நின்றவர் எடுத்தது. கொன்றதைக் கொண்டாட எடுத்த அந்தப் படம் எப்படிச் சாட்சியமானது என்பதை நினைத்துப் பாருங்கள். நாட்டைவிட்டு வெளியேறிய இலங்கை ஊடகவியலாளர்கள் அதை வெளியே கொண்டுவந்தார்கள். 2009 ஆகஸ்ட் 25 அன்று பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியது. இலங்கை அரசு போலி என்றது. சட்டத்துக்குப் புறம்பான கொலைகளை ஆராயும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், தடயவியல் மருத்துவம், காணொளி, துப்பாக்கி ஆகிய துறைகளின் நிபுணர்களிடம் அதை ஒப்படைத்தார். உண்மையானதாகவே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் அவர் அறிவித்தார். கூடவே, கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி உட்படச் சிலவற்றுக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அடுத்த ஆண்டு, அதன் நீண்ட வடிவத்தை ஆராய்ந்த, அல்ஸ்டனுக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த கிறிஸ்டோப் ஹெய்ன்ஸும் உண்மையே என்றார். அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுகூட இது குறித்து விசாரணை தேவை என்று பரிந்துரைத்தது.

ஒரு கோப்பில் இருந்த ஒரு தேதிக்கே இத்தனை கேள்வி என்றால், வெட்டி, ஒட்டி, இசை கலந்து, வாட்ஸ்அப்பில் நசுங்கி, எப்போது யார் எடுத்தது என்ற தடயமெல்லாம் உதிர்ந்த உங்கள் பிரதி எந்த விசாரணையில் நிற்கும்?

அழித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. 2017இல் யூடியூபின் தானியங்கி வடிகட்டி, சிரியப் போரின் காணொளிகளைத் தீவிரவாதப் பிரசாரம் என்று கருதி ஏராளமாக நீக்கியது; அங்குள்ள ஆவணக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். அதே ஆண்டில்தான் லிபியத் தளபதி மஹ்மூத் அல் வர்பல்லி மீது, பெரும்பாலும் கொலைகள் பதிவான காணொளிகளை வைத்தே சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. 2021இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணை நடக்கவே இல்லை.

எனக்கு நம்பிக்கை அறுந்துபோகும் இடமும் இதுதான். 2009இல் அந்தப் படம் மறைவாகக் கடத்தி வரப்பட வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் சூடானின் எல் பாஷர் நகரம் வீழ்ந்தபோது, அதைக் கைப்பற்றிய துணை இராணுவப் படையினர் தாங்கள் கொல்வதைத் தாங்களே படம்பிடித்தார்கள். அவை இணையமெங்கும் பரவின. மறைக்க வேண்டும் என்ற அச்சம்கூடக் கொலைகாரர்களுக்குப் போய்விட்டது. கண்ணால் பார்த்தால் உலகம் எழுந்து நிற்கும் என்று நாம் நம்பியிருந்தோம். உலகம் பார்த்தது, அடுத்த காணொளிக்கு நகர்ந்துவிட்டது. உங்கள் பார்வையாளர்களும் அப்படித்தான் நகர்கிறார்கள்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரப் பந்தலில் அமர்ந்த தாய்மார்கள் ஏந்தியவை பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரியும் படங்கள். அவர்கள் தேடுவது உயிருள்ள பிள்ளையை. அப்படித் தேடும் ஒருத்தியின் தொலைபேசியில் உங்கள் காணொளி கேட்காமலே ஓடத் தொடங்குகிறது. ஆடை களையப்பட்டுக் கிடக்கும் பெண்களின் உடல்களைப் பற்றி நான் எழுதவே போவதில்லை. படம்பிடித்தவன் அவர்களுக்குச் செய்த அவமானத்தை நீங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

மூலக் கோப்பு கையில் இருந்தால், யார் தந்தது, எப்போது தந்தது என்று எழுதிவைத்து, கைபடாமல் பாதுகாத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 2021ஆம் ஆண்டு 46/1 தீர்மானத்தின்படி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கை தொடர்பான சாட்சியங்களைச் சேகரிக்கிறது, அங்கே அனுப்புங்கள். பொதுவில் காட்டத்தான் வேண்டுமென்றால் முகத்தையும் உடலையும் மறையுங்கள், இசையை எடுங்கள், விளம்பரத்தை அணையுங்கள். 2024 மே மாதத்தில் சம்பூரில், போரின் கடைசி நாட்களில் மக்கள் உண்ட கஞ்சியின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சியதற்காகப் பெண்களைப் பொலிஸார் கைது செய்தார்கள். அவர்களைப் பற்றி உங்களில் எத்தனை பேர் காணொளி செய்தீர்கள்?

பார்வை எண்ணிக்கை குறையும், தெரியும். இந்த மே 18க்கு விளம்பரத்தையாவது நிறுத்த முடியுமா என்று பதில் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் வாசிப்பேன்.