விளையாடுகிற வீட்டில் வளரும் பிள்ளைகள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

பெரியவனை வாரம் ஐந்து நாள் கால்பந்துப் பயிற்சிக்கும், சின்னவளை இப்போதே டென்னிஸ் அகாடமிக்கும் அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். பதில் சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீயும் மாப்பிள்ளையும் விளையாடி வளர்ந்தவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைகளுக்கு விளையாட்டு போதவில்லை என்ற குறை வராது. யாரும் எண்ணாமலே அளவு மீறிப் போவதுதான் நடக்கும்.

பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சியும் போட்டியும் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய வரம்பு. சின்னவளுக்கு 9 வயது. அகாடமியில் வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம் வீதம் நாலரை. பள்ளி அணியில் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஒன்றரை. இதுவரை எட்டு, அளவுக்குள்தான் இருக்கிறது. இதோடு மாப்பிள்ளை மாலையில் அரை மணி நேரம் சர்வ் பழக்குவதை ஆறு நாளுக்குச் சேர்த்தால் பதினொன்று. அகாடமிக்காரருக்குப் பள்ளியில் நடப்பது தெரியாது, பள்ளிக்கு வீட்டில் நடப்பது தெரியாது. அவரவர் பங்கு அவரவருக்கு அளவாகத்தான் தெரியும். கூட்டிப் பார்க்க வேண்டியவள் நீ.

அப்பாவோடு ஆடுவதையும் பயிற்சியில் சேர்ப்பதா என்று நீ கேட்பாய். அவளாகக் கூப்பிட்டு, அவளாகப் போதும் என்று நிறுத்தினால் அது விளையாட்டு, கணக்கில் வேண்டாம். அவர் நடுவில் நிறுத்தி முழங்கையைத் திருத்தத் தொடங்கிவிட்டால் அது பயிற்சி. இதை அவரிடம் பக்குவமாகச் சொல். ஆசையில் செய்கிறார், தெரியும். ஆனால் ஒழுங்கு செய்த பயிற்சி எவ்வளவு நேரமோ அதில் பாதியாவது தன்னிஷ்ட விளையாட்டாக இருக்க வேண்டும். அது இல்லாத பிள்ளைகளுக்குத்தான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உளைச்சல் ஏறிக் காயம் வருகிறது.

வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. முக்கியமாக ஆடும் விளையாட்டிலிருந்து ஆண்டில் மொத்தம் மூன்று மாதம் விலகியிருக்கட்டும். ஒரே மூச்சில் வேண்டாம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். அந்த மாதங்களில் சும்மா படுத்திருக்கச் சொல்லவில்லை. நீச்சல், சைக்கிள் என்று வேறு எதுவானாலும் சரி.

இனி பெரியவனின் முழங்கால். சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கிறது, தொட்டால் வலி, ஓடும்போது கூடுகிறது என்றாய். 13 வயதில் குதித்து ஓடி ஆடும் பையன்களுக்கு இது மிகச் சாதாரணம், ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர். தொடைத் தசையின் நாண் வந்து சேரும் இடத்தில் எலும்பு இன்னும் முழுதாக இறுகவில்லை, குருத்தாக இருக்கிறது. எலும்பு வேகமாக நீள்கிறது, தசை அந்த வேகத்துக்கு நீளவில்லை. ஒவ்வொரு உதையிலும் தாவலிலும் நாண் அந்தக் குருத்தைப் பிடித்து இழுக்கிறது. இதே கோளாறு குதிகாலில் வந்தால் சீவர் நோய். அது கொஞ்சம் முன்னதாகவே, 8 வயதிலிருந்தே வரக்கூடும். சின்னவள் குதிகாலை ஊன்றாமல் விரல் நுனியில் நடந்தால் அதைத்தான் முதலில் நினை.

முழுக்க நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் குறைத்தே ஆக வேண்டும். வலியைப் பத்துக்கு எத்தனை என்று அவனையே சொல்லச் சொல். ஆடும்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலையில் போய்விட்டால் தொடரலாம். நான்கு, ஐந்து என்று ஏறினாலோ, நொண்டினாலோ அன்றைக்கு நிறுத்த வேண்டும். ஸ்பிரின்ட்டையும் தாவலையும் பாதியாக்கிவிட்டு, பாஸிங், பந்துக் கட்டுப்பாடு மாதிரி மெதுவான வேலையைக் கொடுக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் பேசு. ஆடி முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். தொடையின் முன்தசையை மெதுவாக நீட்டும் பயிற்சி தினமும். வளர்ச்சி முடியும்போது இது தானாக அடங்கும். அதுவரை சில மாதமும் ஆகலாம், ஓரிரு ஆண்டும் ஆகலாம்.

‘எங்களுக்கும் வலித்தது, ஆடிக்கொண்டேதான் இருந்தோம்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அதைப் பிள்ளை காதில் விழ விடாதே. இனிமேல் வலித்தால் சொல்லமாட்டான்.

சாதாரணம் என்று விட்டுவிடக் கூடாத அறிகுறிகளும் உண்டு. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வீக்கம், காய்ச்சலோடு வரும் மூட்டு வலி, முதுகைப் பின்னால் வளைக்கும்போது இடுப்புக்கு மேல் வரும் வலி இரண்டு வாரம் தாண்டினால், இவற்றுக்கெல்லாம் மருத்துவர்தான். இன்னொன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள். இந்த வயதில் சில சமயம் பிள்ளை முழங்கால் வலி என்று சொல்லும், கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கும். தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தகட்டில், அதாவது எலும்பு நீளும் குருத்துப் பகுதியில், வழுக்கியிருக்கலாம். நொண்டி நடந்து, அந்தக் கால் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் நடக்க விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போ.

இருவரின் உயரத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து தேதியோடு எழுதி வை. காலையில் எழுந்தவுடன், வெறுங்காலோடு, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிறுத்தி, தலைமேல் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போடு. மாலையில் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் வரைகூடக் குறையும், அதனால் நேரத்தை மாற்றாதே. சாதாரணமாக ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். மூன்று மாதத்தில் 2 செ.மீ. ஏறிவிட்டால் வளர்ச்சி வேகம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பெண்பிள்ளைகளுக்கு அந்த உச்சம் பெரும்பாலும் 12 வயதை ஒட்டி, பையன்களுக்கு 14 வயதை ஒட்டி வரும்.

அந்த மாதங்களில் நன்றாக ஆடிய பிள்ளை திடீரென்று தடுமாறும். கால் நீண்டுவிட்டது, மூளை இன்னும் பழைய அளவில் கணக்குப் போடுகிறது. பந்து தவறும், ஓட்டத்தின் நேரம்கூடக் கெடும். வீட்டில் இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டுவார்கள். குருத்தெலும்பு மிகவும் வலுக்குறைந்திருக்கும் நேரம் பார்த்துச் சுமையை ஏற்றுவது அது. அப்போது கூட்ட வேண்டியது ஒற்றைக்காலில் நிற்பது, தாவி மென்மையாக இறங்குவது, தன் உடல் எடையைக் கொண்டே செய்யும் பயிற்சிகள். ஓட்டத்தின் அளவைக் குறை.

இதனால்தான் ‘உன் அண்ணன் இந்த வயதில் இவ்வளவு ஓடினான்’ என்ற பேச்சே கூடாது என்கிறேன். ஒரே வயதுள்ள இரண்டு 13 வயதுக்காரர்களின் உடல் முதிர்ச்சியில் மூன்று, நான்கு ஆண்டு வித்தியாசம்கூட இருக்கலாம். முன்கூட்டி வளர்ந்தவன் உயரத்தாலும் பலத்தாலும் ஜெயிப்பான், திறமை என்று எல்லோரும் கொண்டாடுவார்கள். 17 வயதில் மற்றவர்கள் எட்டிப்பிடித்த பிறகுதான் அவனுக்குக் கைவசம் நுணுக்கம் இருக்கிறதா என்று தெரியும்.

அண்ணன் பொருள் தங்கைக்கு என்ற பழக்கத்தில் பந்து, பை, சட்டை எல்லாம் போகட்டும். ஷூ வேண்டாம். அடிப்பகுதியின் மெத்தை இறுகிப்போயிருக்கும், முதலில் போட்டவரின் நடைக்கேற்பத் தேய்ந்து சாய்ந்திருக்கும். புதிது வாங்கும்போது மாலையில், ஆடும் சாக்ஸோடு போட்டுப் பார். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டையும் யாருக்கும் கொடுக்காதே, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் உள்ளே தாங்கும் பகுதி நசுங்கியிருக்கலாம்.

அவளுக்கு உன் 27 அங்குல ராக்கெட்டைக் கொடுத்திருப்பதாகச் சொன்னாயே, அதை எடுத்து வைத்துவிடு. 9 வயதுக்கு 25 அங்குலம். நீளமும் கனமும் அதிகமானால் மணிக்கட்டு தாங்காது, பந்தைத் தாமதமாகச் சந்திப்பாள், முழங்கையை உடலோடு ஒட்டிவைத்துத் தள்ளப் பழகுவாள். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. பந்தும் அப்படியே, டென்னிஸ் பழகும் பிள்ளைகளுக்கென்று மெதுவாக வரும் பந்துகள் நிறம் வாரியாக உண்டு. ஆரஞ்சுப் பந்து சாதாரணப் பந்தைவிடப் பாதி வேகத்தில்தான் வரும், பச்சை கால்பங்கு மெதுவாக வரும். ஆரஞ்சுப் பந்தைப் பத்துப் பதினைந்து தடவை விடாமல் திருப்பி அடிக்க முடிந்த பிறகு பச்சைக்குப் போகட்டும். கூடைப்பந்தில் சிறுவர்களுக்கான வளையம் 2.60 மீட்டர், பெரியவர்களுடையது 3.05. காரணம் அங்கேயும் இதுதான்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆடுவதை மட்டும் குறைக்காதே. தன்னைவிட வேகமானவனோடு ஆடும் சின்னவள், பந்து எங்கே வரும் என்று முன்கூட்டிப் பார்க்கப் பழகுகிறாள். எந்த அகாடமியிலும் அது இவ்வளவு இயல்பாக வராது. டென்னிஸில் பேர்வாங்கிய செரீனா தன் அக்கா வீனஸுக்கு இளையவள், ஆண்டி மரே தன் அண்ணன் ஜேமிக்கு இளையவர். ஆனால் எப்போதும் தோற்றுக்கொண்டே இருந்தால் விட்டுவிடுவாள். அவன் இடதுகையால் ஆடட்டும், அல்லது அவன் பக்கத்தில் மைதானம் முழுவதும், அவள் பக்கத்தில் பாதி மட்டும் என்று வை. மூன்று ஆட்டத்தில் ஒன்றை அவள் ஜெயிக்கும் அளவுக்கு விதியை மாற்றிக்கொண்டே இரு. அவன் வேண்டுமென்றே தோற்கக் கூடாது. பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேட்சில் நீங்கள் இருவரும் ஓரத்திலிருந்து கத்திச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பாயின்ட்டுக்குப் பிறகும் பிள்ளை உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனி. பார்த்தால் நீங்கள் அளவுக்கு மீறிப் பேசுகிறீர்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றி அவர்களாக எடுத்தால் மட்டும் பேசு, அதிலும் திருத்தம் ஒன்றே ஒன்று. மற்றதை மறுநாள் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார்.

டென்னிஸ்தான் என்று அவள் இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி சிலவற்றைத் தவிர, ஒரே விளையாட்டில் இறங்க 15, 16 வயது வரை காத்திருக்கலாம். சிந்துவின் பெற்றோர் இருவரும் வாலிபால் வீரர்கள், அவர் பேட்மின்டனில் 2016 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். லியாண்டர் பயஸின் அப்பா 1972 ஒலிம்பிக்கில் ஹாக்கியில் வெண்கலம் வாங்கியவர், அம்மா கூடைப்பந்து ஆடியவர், மகன் 1996இல் டென்னிஸில் வெண்கலம் வாங்கினார். இரண்டு வீடுகளிலும் பெற்றோரின் விளையாட்டு பிள்ளைக்குக் கட்டாயமாகவில்லை.

அகாடமிக்கு என் பதில்: சின்னவளுக்கு வாரம் இரண்டு நாள் போதும், அப்போதும் வீட்டு சர்வ் பயிற்சி ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். அதை நிறுத்தினால் மூன்று. பெரியவனுக்கு முழங்கால் அடங்கும்வரை மூன்று நாள், அதற்குமேல் வேண்டாம். சின்னவள் 9 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கட்டும், பெரியவன் 8 மணி நேரத்துக்குக் குறையாமல். விடியற்காலைப் பயிற்சி இதைக் கெடுத்தால் அந்த நேரத்தை விட்டுவிடு. இன்னும் சில ஆண்டில் அவள் பெரியவளான பிறகு தொடர்ந்து மூன்று மாதம் மாதவிலக்கு வராமல் போனால், பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு அது சகஜம் என்று யார் சொன்னாலும் நம்பாதே. செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், அப்படியானால் எலும்பும் அதோடு சேர்ந்து பலமிழக்கும்.

திங்கள்கிழமை மருத்துவரிடம் போகும்போது பெரியவன் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பதையும் உயர அளவுகளையும் எழுதி எடுத்துப் போ. முதலில் கேட்பது அதைத்தான். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று அன்றைக்கே எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா