'ஆஸிஃபா' சொல்ல வேண்டிய இடம் எது?

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அந்த அரபு ஆஸ்பத்திரியில் உன் வார்டில் ஒரு பெரியவர் இறந்துபோக, அவர் மகனிடம் நீ 'சாரி' என்ற நினைப்பில் "ஆஸிஃபா" என்றாயாம், அவரோ "ஏன், நீ என்ன செய்தாய்?" என்று கேட்டாராம். போனில் இதைச் சொல்லும்போது உன் குரலே இறங்கிப்போயிருந்தது. அவர் கோபத்தில் கேட்டிருக்க மாட்டார். நீ ஆங்கிலத்தை மனதில் வைத்துக்கொண்டு அரபி பேசியிருக்கிறாய், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் காலை மிதித்தாலும் சாரி, தகப்பன் போனாலும் சாரி. அப்படியும் ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தச் சொல்லுக்குப் பயப்படுவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில், மன்னிப்புக் கேட்டதை மட்டும் வைத்து அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக்கூடாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

அரபியில் 'ஆஸிஃப்', பெண் சொன்னால் 'ஆஸிஃபா', பெரும்பாலும் தன் தவறுக்குக் கேட்கும் மன்னிப்பு. சாவு வீட்டில் அதற்கு வேலையில்லை. அங்கே துக்கம் விசாரிப்பதே ஒரு துஆதான், இறைவனிடம் வேண்டுதல். வளைகுடாவில் "அழ்ழமல்லாஹு அஜ்ரகும்" என்பார்கள். அல்லாஹ் உங்கள் நற்கூலியைப் பெரிதாக்கட்டும் என்று பொருள். எகிப்துக்காரர்கள் "அல் பகிய்யா ஃபீ ஹயாத்தக்" என்பார்கள், போனவரின் மிச்ச ஆயுள் உனக்குச் சேரட்டும் என்பதுபோல. பெண்ணிடம் சொல்லும்போது 'ஹயாத்திக்'. "ஹயாத்தக் அல் பாகியா", உன் ஆயுள்தான் மிஞ்சி நிற்கட்டும் என்பதுபோல, அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். இந்தப் பதில்தான் எனக்குப் பிடித்த விஷயம். சாரிக்கு "தேங்க் யூ" சொல்லிவிட்டு இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சங்கடம் இதில் இல்லை.

நோயாளியிடம் "சலாமத்தக்", நீ நலமாக வேண்டும் என்பதுபோல. பெண்ணானால் "சலாமத்திக்". வளைகுடாக்காரர்களிடம் "மா தஷூஃப் ஷர்" என்றும் சொல்லலாம், ஒரு தீங்கும் காணாதிருப்பாயாக என்று. அப்புறம் பார், படுக்கையில் கிடப்பவரே "அஷ்ஷர் மா யிஜீக்", தீங்கு உன்னிடம் வராதிருக்கட்டும் என்று உனக்காக வேண்டுவார். 'மஅலேஷ்', அதாவது 'பரவாயில்லை', நாள் முழுக்கக் காதில் விழும், வாயிலும் தானாக வந்துவிடும். தோள் இடித்ததற்கு அது போதும். மரணத்துக்கு வேண்டாம்.

இன்னொன்று. வராந்தாவில் உட்கார்ந்து "முன்னாலேயே கூட்டி வந்திருந்தால்..." என்று புலம்புகிறவர்களை நீ தினமும் பார்ப்பாய். ஆங்கிலத்தில் அதற்கு 'இஃப் ஒன்லி', 'ஷுட் ஹேவ்' என்று இலக்கணமே இருக்கிறது. அரபியிலும் 'லைத்த' (அப்படி இருந்திருக்கக் கூடாதா), 'லவ்' (செய்திருந்தால்) உண்டு. ஆனால் நபிமொழித் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் (நபிமொழி) வருகிறது: துன்பம் நேர்ந்தால் 'இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்லாதே, அந்த 'லவ்' ஷைத்தானின் வேலைக்கு வாசல் திறக்கிறது. "கத்தரல்லாஹு வ மா ஷாஅ ஃபஅல்" என்று சொல், அல்லாஹ் விதித்தான், நாடியதைச் செய்தான். கூட இருக்கும் பெரியவர் யாராவது இதைச் சொல்லி அழுகிறவரின் தோளைத் தொடுவார். அந்த நேரத்தில் நீ மருத்துவ விளக்கம் எதையும் ஆரம்பிக்காதே. அவர்களாகக் கேட்டால் டாக்டரைக் கூப்பிடு.

உச்சரிப்பு சரியாக வருகிறதா என்று அந்த எகிப்து சிஸ்டரிடம் ஒருமுறை சொல்லிக்காட்டு. நான் அங்கே குமாஸ்தாவாக இருந்தபோது காதில் வாங்கியதை எழுதியிருக்கிறேன். அவர் திருத்தினால் எனக்கும் சொல்.

அன்புடன்,
அப்பா